வலையில் குறுவழி காணும் முறை

அறியாத நாட்டில் வழிச்செல்வோன் வழியறிதற்கு இரு முறைகளுள. அடுத்துள்ளாரை வினவி அவர் சொல்லை நம்பி நடத்தல் ஒன்று. நாட்டுப்படம் முழுவதையும் கையிற்கொண்டு தானே வழியைக் கணித்தல் மற்றொன்று. கணினி வலைகளில் செய்திப் பொதிகளைச் செலுத்தும் ரவுட்டர்களும் இவ்விரு முறைகளையே கையாளுகின்றன. பின்னதாகிய ‘இணைப்பு நிலை’ முறையை ஈண்டு ஒருவாறு ஆராய்வாம்.

இம்முறையில் ஒவ்வொரு ரவுட்டரும் தன் அண்டையிலுள்ளவை இவை, அவற்றை அடைதற்காகும் செலவு இவ்வளவு என்று ஓர் அறிக்கை விடுக்கும். அதனைப் பெற்றவை, பொருளை மாற்றாது அப்பாலும் பரப்பும். இங்ஙனம் யாவும் ஒரே படத்தை உடையனவாகும். பின்னர் ஒவ்வொன்றும், டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1956-இல் கண்டு 1959-இல் வெளியிட்ட முறையாற் குறுவழிகளைக் கணிக்கும்.

அம்முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவாம். க, ச, ட, த என நான்கு ரவுட்டர்கள் உள்ளன எனக் கொள்க. க–ட செலவு 1, க–ச 4, ட–ச 2, ச–த 1, ட–த 5. ‘க’ கணக்கிடப் புகுங்கால், அதற்குத் தெரிந்தவற்றுள் மிக அண்மையது ட. அதன் செலவு 1 என முடிவாகும். ட வழியாக நோக்கின் ச 3, த 6 ஆகும். எஞ்சியவற்றுட் குறைந்தது ச. அது 3 என முடிவாகும். ச வழியாகத் த 4 ஆகக் குறையும். ஆகவே க–ட–ச–த என்பதே குறுவழி.

அண்மையதை உடனே முடிவு செய்தல் தகுமோ எனின், தகும். வேறெவ்வழியாற் செல்லினும், முடிவாகாத மற்றொன்றை முதலில் அடைதல் வேண்டும். அதுவோ இதனினும் அண்மையதன்று. எச்செலவும் சுழிக்குக் குறையாமையின் அவ்வழி மேலும் சுருங்குதல் இயலாது.

நிற்க, படம் பிழைபடின் யாதாம்? அமெரிக்காவின் அர்ப்பாநெட் வலை 1979-இல் இணைப்பு நிலை முறையை மேற்கொண்டது. 1980 அக்டோபர் 27-இல் அவ்வலை பல மணி நேரம் செயலற்றுக் கிடந்தது. அறிக்கைகளின் புதுமை 0 முதல் 63 வரை வட்டமாகச் சுழலும் வரிசை எண்ணால் அறியப்பட்டது. 32 படிக்குள் முன்னிற்பது புதியது. ஒரு பொறியின் நினைவகப் பழுதால் இலக்கங்கள் உதிர்ந்து, ஒரே இடத்து அறிக்கைகள் 8, 40, 44 என்னும் எண்களோடு ஒருங்கே உலாவின. 40-இனும் 44 புதிது; 8-இனும் 40 புதிது; 63-க்குப்பின் 0 வருதலின் 44-இனும் 8 புதிது! ஒன்றையொன்று துரத்தி அவை ஓயாது சுழன்றன. அவ்விடத்து அறிக்கைகளைப் புறக்கணிக்குமாறு நிரலைத் திருத்திய பின்னரே வலை மீண்டது.

1991-இல் வெளிவந்த ஓஎஸ்பிஎஃப் இரண்டாம் பதிப்பில் வரிசை எண் வட்டமாகச் சுழல்வதில்லை. அறிக்கைதோறும் பிழைகாணும் கூட்டெண் உண்டு. புதுப்பிக்கப்படாது 3600 விநாடி அகவையுற்ற அறிக்கை நீக்கப்படும். டைக்ஸ்ட்ராவின் கணக்கில் அன்று வழுவில்லை. கைக்கு வந்த சான்றைச் சோதியாது ஏற்றதே வழு. கற்பார் யாவரும் இதனை உளங்கொள்ளுதல் நன்று.