மரம் வெட்ட ஆள் வருமுன் பேசி முடிக்க வேண்டியவை

வடுகபட்டி மண்டிக்குப் பூண்டு கொண்டு செல்லும் விவசாயி, தராசின் எதிரே நின்று எடையைப் பார்த்துக் கொள்கிறார். காகித ஆலைக்காகத் தைலமரமோ சவுக்கோ வளர்த்தவருக்கு அந்த வசதி இல்லை. மரம் தோட்டத்தில் விழுகிறது. எடை வெளியூரில் போடப்படுகிறது. இடையில் நிற்பவர் வெட்டுக் காண்ட்ராக்டர்.

கரூர் மாவட்டம் காகிதபுரத்திலுள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யத் தொடங்கப்பட்டது. மரக்கூழும் தேவைப்பட்டதால், 2004-ஆம் ஆண்டு முதல் விவசாயிகள் நிலத்தில் மரம் வளர்க்கும் திட்டத்தையும் நடத்தி வருகிறது. இத்தகைய திட்டங்களில் விவசாயியின் ஒப்பந்தம் ஆலையோடு. ஆனால் அரிவாளும் ரம்பமுமாகத் தோட்டத்துக்கு வருவது காண்ட்ராக்டரின் ஆட்கள். இருவருக்கும் இடையே பேச்சு தெளிவாக இல்லாவிட்டால் நட்டம் விவசாயிக்கே.

எடை குறையும் விதம்

வெட்டிய மரம் நாளுக்கு நாள் காய்ந்து எடை குறையும். 20 டன் மரம் லாரி வராமல் கிடந்து பத்தில் ஒரு பங்கு குறைந்தால், 2 டன்னுக்கான பணம் போயிற்று. எனவே வெட்டிய எத்தனை நாளில் லாரி ஏற்ற வேண்டும், தாமதமானால் நட்டம் யாருடையது என்பதை முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். விலை பட்டையோடா, பட்டை உரித்தா என்பதும் தெளிவாக இருக்கட்டும்.

அடிக்கட்டையே அடுத்த பயிர்

வெட்டாட்களுக்கு டன் கணக்கில் கூலி கொடுத்தால் அவசரம் இருக்கும். தைலமரம் வெட்டியபின் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். தரையிலிருந்து சுமார் நான்கு அங்குல உயரத்தில், கட்டை பிளவாமல், பட்டை கிழியாமல், மழைநீர் தேங்காதபடி சாய்வாக வெட்ட வேண்டும். கட்டை சிதைந்தால் மறுதாம்பு பொய்த்துவிடும். முதல் நாள் பத்து மரம் வெட்டியதும் மேஸ்திரியை உடன் வைத்துக்கொண்டு கட்டைகளைப் பார்த்துவிடுவது நல்லது. சவுக்கில் மறுதாம்பை நம்ப முடியாது. புதுக் கன்றுதான் நட வேண்டும்.

எழுத்தில் இருக்க வேண்டியவை

1. வெட்டுக்கூலி, ஏற்றுக்கூலி, லாரி வாடகை யார் பொறுப்பு?
2. எந்த எடைமேடை? காலி லாரி எடை, பாரத்தோடு எடை இரண்டுக்கும் சீட்டு உண்டா?
3. பணம் ஆலையிலிருந்து நேராக விவசாயியின் வங்கிக் கணக்குக்கு வருமா, காண்ட்ராக்டர் வழியாகவா? எத்தனை நாளில்?
4. வரப்பு, வாய்க்கால், குழாய், பக்கத்துத் தோட்டம் சேதமானால் ஈடு தருபவர் யார்?
5. வெட்டாட்களுக்குக் காயம் ஏற்பட்டால் யார் பொறுப்பு?

தேக்கு, சந்தனம் போன்ற மரங்களுக்கு விதிகள் வேறு. 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அறிவிக்கப்பட்ட மலைக் கிராமங்களில், பட்டா நிலமானாலும் வெட்டுவதற்கு முன் அனுமதி வேண்டும். அடிவாரத்தில் நிலம் உள்ளவர்கள் வனத்துறை அலுவலகத்தில் விசாரித்தபின் கோடரியை எடுக்க வேண்டும்.

நல்ல காண்ட்ராக்டர் கிடைத்தால் அடுத்த வெட்டுக்கும் அவரையே அழைக்கலாம். அவர் வேலைக்கு ஏற்ற கூலி, தடங்கலில்லாத வண்டிப் பாதை ஆகியவற்றுக்கு விவசாயியும் வகை செய்ய வேண்டும். ஒவ்வொரு லோடுக்கும் லாரி எண், தேதி, எடை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து, மேஸ்திரியின் கையெழுத்து வாங்கி வைத்தால் பின்னால் வழக்குக்கு இடமிராது.