படகோட்டிக்கு டேப்லெட் போதுமா?

கெடாவின் கடற்கரையில் எங்கு நின்று பார்த்தாலும் ஜெராய் மலை பெரும்பாலும் கண்ணில் படும். 1,217 மீட்டர் உயரமுள்ள இம்மலை, வானம் தெளிவாக இருந்தால், நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கப்பலுக்கும் தெரியும் என்பது கணக்கு. வங்கக் கடலைக் கடந்து கடாரத்துக்கு வந்த பண்டைய வணிகர்கள் கரை நெருங்கியதை இம்மலையைக் கொண்டே அறிந்தனர். ஆனால், மழை இறங்கிவிட்டால் மலை மறைந்துவிடும். வழிகாட்டி மிகவும் தேவைப்படும் வேளையும் அதுதான்.

இன்று அந்த வேலையைச் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞை கிடைத்தால், படகு இருக்கும் இடத்தைக் கருவி கணித்துவிடும். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை பொதுமக்களுக்குரிய சமிக்ஞையின் துல்லியத்தை அமெரிக்கா வேண்டுமென்றே குறைத்து வைத்திருந்தது. அத்தடை நீங்கிய பிறகே சிறு படகுகளுக்கும் இது நம்பத்தக்க துணையாயிற்று.

சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரத் தோட்டங்களிலிருந்து வார இறுதியில் தஞ்சோங் டாவாய்க்குத் தூண்டிலோடு செல்பவருக்கு ஒரு கேள்வி எழுவது இயல்பு. வீட்டிலேயே டேப்லெட் இருக்கிறது. அதில் கடல் வரைபடச் செயலியைப் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம். அப்படியிருக்க, சார்ட்பிளாட்டர் எனப்படும் கடல்வரைபடக் கருவியைத் தனியாக ஏன் வாங்க வேண்டும்?

கேள்வி நியாயமானதே. டேப்லெட்டின் திரை பெரியது. வரைபடத்தை விரலால் நகர்த்திப் பயணத்தை வீட்டு மேசையிலேயே திட்டமிடலாம். கரையை விட்டு விலகி இணையம் அறுந்துவிட்டால் இடம் காட்டாது என்று பலர் எண்ணுவது தவறு. ஜிபிஎஸ் வாங்கி உள்ள டேப்லெட்டுக்கு இணையம் தேவையில்லை; வரைபடத்தை மட்டும் முன்கூட்டியே சேமித்து வைத்திருக்க வேண்டும். ஆனால், எல்லா டேப்லெட்டிலும் அந்த வாங்கி இருப்பதில்லை. சிம் அட்டை வசதி இல்லாத ஐபேட்டில் அது கிடையாது. வீட்டில் வைஃபையின் உதவியோடு ஓரளவு சரியாக இடம் காட்டும் அந்த ஐபேட், நடுக்கடலில் குருடாகிவிடும். இதைப் படகில் ஏறிய பிறகு கண்டுபிடிப்பதில் பயனில்லை.

உண்மையான சோதனை வெயிலிலும் மழையிலும்தான். ஐபேட் 35 பாகை செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்குவதற்கே உருவாக்கப்பட்டது. கெடாவின் நண்பகல் வெயிலில், மூடியில்லாப் படகில் வைத்தால் அந்த அளவை எளிதில் தாண்டும். சூடேறினால் திரை முதலில் மங்கும். பிறகு கருவி தானே நின்றுவிடும். மழையிலோ வேறு வகைத் தொல்லை. தொடுதிரை விரலின் மின் தன்மையை உணர்ந்து இயங்குவது. நீர்த்துளிகளையும் அது விரல் என்றே எண்ணிக்கொள்ளும். வரைபடம் தானாக நகரும், சுருங்கும். ஈர விரலால் தொட்டாலோ அசையாது. மலாக்கா நீரிணையில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன், ‘சுமத்திரா’ எனப்படும் திடீர்ச் சூறைக்காற்று பெருமழையோடு வீசுவதுண்டு. ஒரு கை சுக்கானில், மறு கை படகின் விளிம்பில் இருக்கும் அந்நேரத்தில் திரையைத் துடைத்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

சார்ட்பிளாட்டர் இந்த நிலைமைக்கென்றே செய்யப்பட்டது. வெயிலிலும் படிக்கத்தக்க ஒளி மிகுந்த திரை அதற்கு உண்டு. பல வகைகள் ஒரு மீட்டர் ஆழ நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. சுக்கானுக்கு அருகில் திருகாணியால் பொருத்தப்பட்டு, படகின் 12 வோல்ட் மின்கலத்தில் இயங்கும். பொத்தான் உள்ள வகையாக இருந்தால் ஈரக் கையாலும் இயக்கலாம். விலைதான் சற்று உறுத்தும்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. டேப்லெட் காட்டும் ஆழம், எப்போதோ அளந்து வரைபடத்தில் குறித்த ஆழம். சார்ட்பிளாட்டரோடு ஆழமானியை இணைத்தால், படகின் அடியில் இந்த நொடியில் இருக்கும் ஆழம் தெரியும். அடிப்பகுதியிலிருந்து ஓர் ஒலியலை கீழே பாய்ந்து, தரையில் மோதித் திரும்பும். கடல்நீரில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் செல்வதால், மூன்று மீட்டர் ஆழம் என்பது வினாடியில் ஆயிரத்தில் நான்கு பங்கு நேரம். கெடா கடற்கரைக்கு இவ்வசதி மிகவும் வேண்டியது. இங்கே கரையோரம் சேறும் வண்டலும் படிந்த ஆழமற்ற கடல். ஆற்று முகத்துவாரங்களில் திட்டுகள் இடம் மாறுகின்றன. சென்ற ஆண்டு வரைந்த கோட்டை இந்த ஆண்டு மணல் மதிப்பதில்லை.

அதற்காகச் சிறப்புக் கருவி வாங்கியவர் நிம்மதியாக உறங்கலாம் என்பதில்லை. 2014 நவம்பர் 29ஆம் நாள், வால்வோ பெருங்கடல் பந்தயத்தில் கலந்துகொண்ட வெஸ்தாஸ் விண்ட் என்ற பாய்மரப் படகு, மொரிசியசுக்கு வடகிழக்கே பவளத்திட்டு ஒன்றில் முழு வேகத்தில் மோதியது. தேர்ந்த மாலுமிகள், விலையுயர்ந்த கருவிகள், மின்னணு வரைபடங்கள் எல்லாம் அதில் இருந்தன. ஆனால், அவர்கள் பார்த்த அளவில் திட்டு தெளிவாகத் தெரியவில்லை. போதிய அளவு பெரிதாக்கிப் பார்த்தால்தான் அது தெரியும். ஒன்பது பேரும் உயிர் தப்பினர், படகு சிதைந்தது. மின்னணு வரைபடம் சிறிதாகும்போது விவரங்களை ஒளித்துக்கொள்ளும். டேப்லெட்டானாலும் சார்ட்பிளாட்டரானாலும் இது பொருந்தும்.

ஆகவே, கோல கெடாவிலிருந்து லங்காவி வரை செல்லும் படகோட்டிக்கு ஏற்ற ஏற்பாடு இது: சுக்கான் அருகே ஆழமானியோடு கூடிய சார்ட்பிளாட்டர், நீர் புகாத பையில் முழு மின்னேற்றத்தோடும் சேமித்த வரைபடத்தோடும் டேப்லெட். படகின் மின்கலம் செயலிழந்தால் சார்ட்பிளாட்டரும் அணையும். அப்போது தன் சொந்த மின்கலத்தில் இயங்கும் டேப்லெட் கைகொடுக்கும். தூண்டில் போட ஒரு மணி நேரம் கரையோரம் சென்றுவரும் சிறு படகுக்கு நல்ல டேப்லெட்டும் திசைகாட்டியும் போதும் என்றால் அதில் தவறில்லை. நீர்ப்பை மட்டும் மறக்கக்கூடாது.

இரு கருவிகளும் போன வழியைக் கோடாகப் பதிந்து வைக்கும். திரும்பும்போது அக்கோட்டைப் பின்பற்றுவது பலரது வழக்கம். ஆனால், காலையில் கடல் பெருக்கில் கடந்த முகத்துவாரம், மாலையில் வற்றத்தின்போது இரண்டு மீட்டர் வரை தாழ்ந்திருக்கலாம். கோடு அதே இடத்தில்தான் இருக்கும். அதன் கீழே நீர் இருக்கிறதா என்பதை ஆழமானியும் அன்றைய கடல் ஏற்றவற்ற அட்டவணையும்தான் சொல்லும்.