இலை மஞ்சளிக்கும் தோடை, தேசி மரங்கள்: ஐப்பசி, கார்த்திகை மாதப் பராமரிப்பு

எல்ல, தெமோதர, பண்டாரவளை, பசறைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களில் நிற்கும் தோடை, தேசி, நாரத்தை மரங்கள் பெரும்பாலும் தேயிலை மண்ணில் வேர்விட்டவை. அவற்றின் இலை மஞ்சளிப்பதற்கான காரணத்தை முதலில் அந்த மண்ணில்தான் தேட வேண்டும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி, பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குப் போதும். தோடைக் குடும்பத்துக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். லயத்தின் பின்புறம் தேயிலை மலையோடு ஒட்டி நிற்கும் மரம், தனக்கு ஒவ்வாத மண்ணிலிருந்தே சாப்பாடு தேட வேண்டியிருக்கிறது. மலைச்சரிவில் மழை விழ விழ மண்ணிலுள்ள கல்சியமும் மக்னீசியமும் கரைந்து கீழிறங்குகின்றன. எஞ்சிய மண் இன்னும் புளிக்கிறது.

ஆனி முதல் புரட்டாசி வரை கச்சான் காற்று மண்ணைக் காய வைப்பதால் அந்த மாதங்களில் வேர் அதிகம் எடுக்காது. ஊவாவுக்குப் பெருமழை வருவது ஒக்டோபர் நடுப்பகுதிக்குப் பிறகு. மண் நனைந்து, மரம் கொழுந்து விடத் தொடங்கும் இப்போதுதான் ஊட்டம் கொடுக்க ஏற்ற நேரம். அடைமழை பிடித்த பிறகு போடும் உரத்தில் பெரும்பகுதி கானோடு போய்விடும்.

உரப்பையைத் திறக்கும் முன் மரத்தை ஒருமுறை சுற்றிவந்து, மஞ்சள் பழைய இலையில் இருக்கிறதா, கொழுந்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பழைய இலை முழுவதும் ஒரே சீராக வெளிறியிருந்தால் தழைச்சத்துக் குறைவு. பழைய இலையில் நடுநரம்பின் இரு பக்கமும் மஞ்சள் பரவி, காம்பை ஒட்டிய பகுதி மட்டும் தலைகீழ் ‘வி’ வடிவில் பச்சையாக இருந்தால் மக்னீசியக் குறைவு; காய் நிறையப் பிடித்த கிளைகளில் இது முதலில் தெரியும். கொழுந்து சிறுத்து, ஒடுங்கி, நரம்புகளுக்கிடையில் மஞ்சள் படர்ந்து, கணுக்கள் நெருங்கிக் கொத்தாக நின்றால் நாகச்சத்துக் குறைவு. கொழுந்து வெளிறி அதில் நரம்புகள் மட்டும் மெல்லிய பச்சை வலையாகத் தெரிவது இரும்புச்சத்துக் குறைவு. புளிப்பு மண்ணில் இது அரிது. சாம்பலும் சீமெந்துக் கழிவும் கொட்டிய மூலைகளில், அல்லது நீர் தேங்கும் இடத்தில்தான் வரும்.

இந்தப் பகுதியில் அதிகம் காணப்படுவது மக்னீசியக் குறைவும் நாகச்சத்துக் குறைவும். மஞ்சளைக் கண்டதும் கையில் கிடைக்கும் தேயிலை உரத்தை அள்ளி அடியில் போடும் வழக்கம் இங்கு கேடு செய்கிறது. அந்தக் கலவையில் தழைச்சத்தும் பொட்டாசியமும்தான் மிகுதி. பொட்டாசியம் கூடினால் வேர் மக்னீசியம் எடுப்பது குறையும். அமோனியா வகைத் தழைச்சத்து மண்ணை மேலும் புளிக்க வைக்கும். இரண்டு மழைக்குள் மரம் சற்றுப் பச்சை பிடித்ததுபோல் தோன்றி, அடுத்த பருவத்தில் முன்னைவிட மோசமாக மஞ்சளிக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைப்பட்ட நாட்களில் ஒரு பை உரத்துக்கு அலைந்த குடும்பங்களுக்கு அதன் அருமை தெரியும். பொருந்தாத உரத்துக்குச் செலவழிக்கும் காசு வீண்.

மக்னீசியம் குறைந்த மரத்துக்கு இப்போது கொடுக்க வேண்டியது டொலமைட். தோட்டங்களில் தேயிலைக்கும் போடும் அதே வெள்ளைத் தூள்தான். கல்சியம், மக்னீசியம் இரண்டும் அதில் உண்டு, புளிப்பையும் தணிக்கும். காய்க்கும் மரம் ஒன்றுக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை, கிளைநிழல் விழும் வட்டம் முழுவதும் தூவி, மேல்மண்ணோடு இலேசாகக் கிளறிவிட வேண்டும். அடிமரத்தோடு குவிப்பதில் பயனில்லை. சத்தை உறிஞ்சும் மெல்லிய வேர்கள் கிளைநுனிக்கு நேர்கீழே, மண்ணின் மேற்பரப்புக்கு அருகில் இருக்கின்றன. முள்ளால் ஆழமாகக் குத்தினால் அவையே அறுபடும். டொலமைட் கரைய மாதங்கள் ஆகும். அதுவரை எப்சம் உப்பை லீற்றருக்கு 10 கிராம் வீதம் கரைத்து இலைகளில் தெளிக்கலாம்.

டொலமைட்டையும் யூரியாவையும் ஒரே நாளில் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போகும். இடையில் 3 வாரம் விட வேண்டும். அதன்பின் காய்க்கும் மரத்துக்கு 100 முதல் 150 கிராம் யூரியாவும் 10 கிலோ அளவில் மக்கிய சாணமும் போதும். பச்சைச் சாணம் வேண்டாம். கிளிரிசீடியாத் தழையும் மானாப் புல்லும் மூடாக்குக்கு நல்லவை; அடிமரத்தைச் சுற்றி ஒரு அடி வெறுமையாக இருக்கட்டும்.

நாகச்சத்துக் குறைவுக்கு மண்ணில் போடுவதைவிடத் தெளிப்பே விரைவாக வேலை செய்யும். ஒரு லீற்றர் நீரில் 5 கிராம் சிங்க் சல்பேற்றும் 2.5 கிராம் நீர்த்த சுண்ணாம்பும் கலந்து வடிகட்டி, கொழுந்து விரிந்தபின் மழையில்லாத காலைவேளையில் தெளிக்க வேண்டும். சுண்ணாம்பு சேர்க்காவிட்டால் இளம் இலை கருகும்.

நரம்பே மஞ்சளாகி, இலை தொங்கி, அடிமரத்தில் பிசின் வடிந்தால் எந்த உரமும் உதவாது. அது வேர் அழுகலின் அடையாளம். பீலித்தண்ணீர் ஓடிவந்து தேங்கும் இடத்தில் நிற்கும் மரங்களுக்கு இது அடிக்கடி வருகிறது. சிறிய கான் வெட்டி நீரைத் திருப்பி, அடியில் குவிந்த மண்ணை விலக்க வேண்டும். ஆனால் லயத்துக்கு மேலுள்ள சரிவில் நீரைத் தேக்கும் குழிகளை வெட்டவே கூடாது. இருக்கும் கானை அடைக்கவும் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியாபெத்தவில் மண் சரிந்து லயங்களை மூடிய மாவட்டம் இது. மழைக்காலத்தில் சரிவுக்குள் நீரை இறக்கும் எந்த வேலையும் ஒரு மரத்துக்காகச் செய்யத் தக்கதல்ல.

இன்னொரு மஞ்சளைக் கவனமாகப் பிரித்தறிய வேண்டும். நடுநரம்பின் ஒரு பக்கம் ஒருவிதமாகவும் மறுபக்கம் வேறுவிதமாகவும் திட்டுத்திட்டாக மஞ்சளிப்பது, அதுவும் ஒரே கிளையில் தொடங்குவது, கிரீனிங் நோயாக இருக்கலாம். பழம் கோணலாகி, அடிப்பகுதி பச்சையாகவே நின்று, கசக்கும். இலங்கையிலும் உள்ள இந்த நோய்க்கு மருந்தில்லை. புளோரிடாவில் 2005இல் கண்டறியப்பட்டபின் அங்கே தோடைத் தொழிலின் பெரும்பகுதியே அழிந்தது. இதைப் பரப்பும் சைலிட் என்ற சிறு பூச்சி கொழுந்தில் வால்பக்கத்தைத் தூக்கியபடி உட்காரும், கறிவேப்பிலையிலும் பெருகும். நோய் உறுதியான மரத்தை வேரோடு அகற்ற வேண்டும், அதிலிருந்து ஒட்டுக்கு மொட்டு எடுக்கக் கூடாது. சந்தேகமான கிளையைக் கமநல சேவை நிலையத்தில் காட்டலாம். விவசாயத் திணைக்களத்தின் 1920 தொலைபேசிச் சேவையிலும் கேட்கலாம்.

கவ்வாத்து இப்போது வேண்டாம். காய்ந்த குச்சிகளையும் ஒட்டுக்குக் கீழே துளிர்க்கும் காட்டுக் கிளைகளையும் மட்டும் நீக்கலாம். ஏற்கெனவே மஞ்சளித்த இலைகள் பெரும்பாலும் பச்சைக்குத் திரும்புவதில்லை. கொடுத்த ஊட்டம் பலித்ததா என்பதைத் தை மாதத்தில் வரும் புதுக் கொழுந்தைக் கொண்டு கணிக்க வேண்டும். அது நல்ல பச்சையாக வந்தால் அடுத்த உரம் சித்திரை மழையோடு. டொலமைட் மறுபடியும் தேவைப்படுவது அடுத்த ஐப்பசியில்.