வானிலைப் படம் வரையப்படும் விதம்

"வங்காள விரிகுடாவின் தென்கிழக்கே தாழமுக்கம் உருவாகியுள்ளது" என்று வானொலி அறிவித்தால், விதைநெல்லை ஊறப்போட்டவருக்கும் தற்காலிகக் கொட்டிலின் கயிற்றை இறுக்கிக் கட்டுகிறவருக்கும் மனம் ஒருதரம் திடுக்கிடும். அந்தத் தாழமுக்கத்தை எங்கே, எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இதனை இம்முறை படிப்போம்.

உலகெங்கும் உள்ள அவதான நிலையங்கள் ஒரே நேரத்தில் கருவிகளைப் பார்க்கின்றன. கிறீன்விச் நேரப்படி 0, 6, 12, 18 மணி முக்கியமானவை. எமக்கு அவை காலை 5.30, முற்பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30. திருகோணமலை, மட்டக்களப்பு, புத்தளம், அம்பாந்தோட்டை போன்ற நிலையங்களில் அமுக்கம், வெப்பநிலை, ஈரப்பதன், காற்று, முகில், மழை ஆகியவை குறிக்கப்பட்டு, எண்களாக அனுப்பப்படுகின்றன. ஒவ்வொரு நிலையத்துக்கும் ஐந்து இலக்க எண் உண்டு; கொழும்பின் எண் 43466.

அமுக்கத்தை அப்படியே படத்தில் எழுத முடியாது. நுவரெலியாவில் பாரமானி ஏறத்தாழ 810 மில்லிபார் காட்டும். கரையோரத்தில் 1010 அளவில் இருக்கும். இது மலையின் உயரத்தால் வந்த வித்தியாசமேயன்றிப் புயலால் வந்ததல்ல. ஆகவே எல்லா அளவீடுகளும் கடல்மட்டத்துக்குத் திருத்தப்படுகின்றன. தாழ்நிலத்தில் ஏறத்தாழ 8 மீற்றர் உயரத்துக்கு 1 மில்லிபார் குறையும் என்பது கணக்கு. (இப்போது ஹெக்டோபாஸ்கல் என்கிறார்கள், அளவு ஒன்றேதான்.)

பின்னர் படத்தில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சிறு வட்டம். வானத்தை எட்டுப் பங்காக்கி, முகில் மூடிய அளவுக்கு வட்டத்தைக் கறுப்பாக்குவர். காற்று வரும் பக்கமாக ஒரு கோடு நீளும். அதில் முழுக்கீற்று மணிக்கு 10 கடல்மைல், அரைக்கீற்று 5, முக்கோணக் கொடி 50. வலது மேல்மூலையில் அமுக்கம் மூன்று இலக்கத்தில் இருக்கும்: 084 என்றால் 1008.4.

அடுத்தது சமவமுக்கக் கோடு. திருகோணமலையில் 1009, மட்டக்களப்பில் 1007 என்றால், 1008 கோடு இரண்டுக்கும் நடுவே போகும். சரிவு நிலத்தில் ஒரே மட்டம் பார்த்து வரம்பு கட்டுகிற எம்மவருக்கு இது புதுவேலை அல்ல. கோடுகள் நெருங்கினால் காற்றுப் பலமானது. அவை மூடிய வளையமாகி, உள்ளே போகப் போக எண் குறைந்தால், அதுவே தாழமுக்கம்.

எமது பகுதியில் இந்த வேலை இலகுவானதல்ல. மத்திய கோட்டுக்கு அண்மையில் அமுக்க வித்தியாசம் மிகச் சிறியது. அதோடு, புயல் இல்லாத நாளிலும் அமுக்கம் காலை 10 மணியளவில் ஏறி, மாலை 4 மணியளவில் இரண்டு மூன்று மில்லிபார் இறங்கும். இந்த அன்றாட இறக்கத்தைக் கண்டு ஏமாறாமலிருக்க, நேற்று இதே நேரத்தில் இருந்த அளவோடு ஒப்பிடுவார்கள். காற்றோட்டக் கோடுகளையும் வரைவார்கள்.

கடலில் கப்பல்களும் மிதவைகளுமே அவதானிகள். கப்பல்கள் புயலை விட்டு விலகியோடுவதால், மிகவும் வேண்டிய இடத்தில்தான் படம் வெறுமையாக இருக்கும்! செய்மதிப் படங்கள் அந்த வெறுமையை இன்று பெரிதும் நிரப்புகின்றன. கணினிகளும் கோடு வரைகின்றன. ஆனால் தரையில் கருவி பார்ப்பவரின் இடத்தை அவை முழுதாக எடுக்கவில்லை. போர்க்காலத்தில் எம்மக்கள் இடம்பெயர்ந்தபோது வடக்கில் சில நிலையங்களின் அவதானமும் தடைப்பட்டது. அந்த ஆண்டுகளின் மழைக்கணக்கில் இன்றும் இடைவெளி உண்டு. குளத்துக்கு எவ்வளவு நீர் வரும் என்று கணக்கிடுவோருக்கு அது பெரிய குறை.

1978 நவம்பர் 23 இரவு மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியில் ஏறத்தாழ 900 பேர் மாண்டனர். அதை அனுபவித்த முதியவர்கள் காற்றின் திசை மாறியதைச் சொல்வார்கள். படத்தில் அதற்கு விளக்கம் உண்டு. எமது அரைக்கோளத்தில் தாழமுக்கத்தைச் சுற்றிக் காற்று மணிக்கூட்டு முள்ளுக்கு எதிராகச் சுழல்கிறது. ஆகவே காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், தாழமுக்கம் இடக்கைப் பக்கம், சற்று முன்னே இருக்கும். இதனை ஒல்லாந்து அறிஞர் பைஸ் பலோட் 1857இல் எடுத்துக் கூறினார். வாடைக்காலத்தில் காற்று வடமேற்கிலிருந்து பலமாக வீசினால், முதுகை அதற்குக் காட்டி நின்று பாருங்கள்: இடக்கை வடகிழக்குக் கடலைக் காட்டும். மரங்களுக்கோ வீடுகளுக்கோ நடுவில் நிற்காமல் வெளியான வயலில் நின்று பார்க்க வேண்டும். சாதாரண இளங்காற்றுக்கு இந்த விதி பொருந்தாது.