காயலான் கடையிலிருந்து இசைத்தட்டு வரை

கிழக்கு ஐரோப்பாவில் மோட்டல் என்று ஓர் ஊர் உண்டு. இன்று அது பெலாரஸ் நாட்டில் உள்ளது. 1917ஆம் ஆண்டு அங்கே ஓர் ஏழை யூதக் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. குடும்பப் பெயர் சிஷ்.

பிழைப்புத் தேடித் தந்தை முதலில் அமெரிக்காவுக்குப் போனார். சிகாகோ நகரில் வேலை செய்தார். 1928இல் மனைவியும் மக்களும் அவரிடம் போய்ச் சேர்ந்தார்கள். அப்போது அந்தச் சிறுவனுக்கு 11 வயது. அவனுக்கு ஆங்கிலம் தெரியாது. புது ஊரில் பெயரும் மாறியது. சிஷ் என்பது செஸ் ஆயிற்று. சிறுவன் லியோனார்டு செஸ் ஆனான். தம்பியின் பெயர் பில்.

தொழில் தொடங்கியது

தந்தை சிகாகோவில் காயலான் கடை வைத்தார். மகன்கள் அங்கே உழைத்தார்கள். பிறகு லியோனார்டு மதுக்கடை நடத்தினார். 1940களில் ஓர் இரவு விடுதியும் தொடங்கினார். அங்கே கறுப்பின மக்கள் கூடுவார்கள். பாட்டும் வாத்தியமும் இரவு முழுவதும் நடக்கும்.

அந்த மக்களும் பிழைக்க வந்தவர்களே. அமெரிக்காவின் தெற்கே பருத்திக் காடுகளில் உழைத்தவர்கள். ஆலை வேலைக்காக வடக்கே வந்தார்கள். தங்கள் ஊர்ப் பாட்டையும் கொண்டு வந்தார்கள். அந்தப் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர்.

இந்தப் பாட்டை இசைத்தட்டாக்கினால் மக்கள் வாங்குவார்கள் என்று லியோனார்டு கணக்குப் போட்டார். 1947இல் ஒரு சிறிய இசைத்தட்டு நிறுவனத்தில் கூட்டாளியாகச் சேர்ந்தார். மறு ஆண்டு மடி வாட்டர்ஸ் என்பவரின் பாட்டு வெளிவந்தது. தட்டுகள் உடனே விற்றுத் தீர்ந்தன. 1950இல் நிறுவனம் அண்ணன் தம்பி கைக்கு வந்தது. அதற்குச் செஸ் ரெக்கார்ட்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

லியோனார்டு காரில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். கடைகளில் கொடுப்பார். வானொலி நிலையங்களில் போடச் சொல்வார்.

1955இல் சக் பெரி என்ற இளைஞர் வந்தார். அவரை அனுப்பியவர் மடி வாட்டர்ஸ். சக் பெரியின் மேபலின் என்ற பாட்டு நாடெங்கும் ஒலித்தது.

பங்கு யாருக்கு?

மேபலின் பாட்டை எழுதியவர் சக் பெரி. ஆனால் தட்டில் மூன்று பேர் பெயர் இருந்தது. மற்ற இருவரில் ஒருவர் வானொலி அறிவிப்பாளர். இது தமக்குப் பின்னரே தெரிந்தது என்று பெரி சொன்னார். பெயர் இருந்தால் பணத்திலும் பங்கு உண்டு. முழு உரிமையும் பெரிக்குத் திரும்பக் கிடைத்தது 1986இல்தான். அதற்குள் 31 ஆண்டுகள் ஓடிவிட்டன.

பாட்டு ஒரு மாமரம் போன்றது. மரத்தை ஒருமுறை விற்றால் ஒருமுறைதான் பணம். பலனில் பங்கு வைத்துக்கொண்டால் காய்க்கும்போதெல்லாம் பணம் வரும். இசைத்தட்டு விற்கும்போதெல்லாம் வரும் பங்குக்கு உரிமைத்தொகை என்று பெயர்.

செஸ் நிறுவனம் சிலருக்குக் கார் வாங்கிக் கொடுத்தது. அவசரத்துக்குப் பணமும் கொடுத்தது. ஆனால் உரிமைத்தொகைக் கணக்குச் சரியாக வரவில்லை என்று பல கலைஞர்கள் குறை கூறினர். 1970களில் மடி வாட்டர்ஸும், பாட்டு எழுதிய வில்லி டிக்சனும், செஸ் சகோதரர்கள் பங்கு பெற்றிருந்த பாட்டு வெளியீட்டு நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டனர். வழக்கு சமரசத்தில் முடிந்தது.

பிறகு நடந்தவை

1969இல் செஸ் நிறுவனம் விற்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் லியோனார்டு மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 52.

1977இல் அமெரிக்கா வாயேஜர் விண்கலங்களை அனுப்பியது. உலக இசை பதிந்த தங்கத்தட்டு அவற்றில் உள்ளது. செஸ் வெளியிட்ட சக் பெரியின் பாட்டு ஒன்றும் அதில் இருக்கிறது.

சிகாகோவில் செஸ் நிறுவனம் இயங்கிய கட்டடம் இன்றும் உள்ளது. வில்லி டிக்சன் தொடங்கிய அறக்கட்டளை அங்கே நடக்கிறது. கலைஞர்கள் தங்கள் உரிமையை அறிய அது உதவுகிறது.

லியோனார்டு செஸ் யாரும் கவனிக்காத பாட்டை உலகம் கேட்கச் செய்தார். அது பெரிய செயல். உழைத்தவர் பங்கு உழைத்தவருக்குச் சேர வேண்டும். அதுவும் அதே அளவு பெரிது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே கையெழுத்துப் போட வேண்டும்.

புதிய சொற்கள்
ஒப்பந்தம் – இருவர் பேசி எழுதிக்கொள்ளும் உடன்பாடு
உரிமைத்தொகை – படைப்பு விற்கும்போது படைத்தவருக்கு வரும் பங்கு
சமரசம் – இரு தரப்பும் ஒத்துப்போவது

விடை சொல்லுங்கள்
1. செஸ் குடும்பம் ஏன் சிகாகோ சென்றது?
2. மேபலின் பாட்டின் முழு உரிமை பெரிக்கு எந்த ஆண்டு கிடைத்தது?
3. காரைப் பரிசாகப் பெறுவது, கணக்குப்படி பங்கு பெறுவது: இவற்றில் எது நல்லது? ஏன்?
4. நீங்கள் கடைசியாகக் கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருந்தது? குழுவில் பேசுங்கள்.