வாடகைக் காரில் சேதம் வந்தால் யார் பொறுப்பு?



கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி என்று இப்போது நம்ம வடசேரிப் பக்கமும் வாடகைக்குக் கார் எடுக்கிறோம். திருப்பிக் கொடுக்கும்போதுதான் பிரச்சினை வருது. "கதவுல கீறல் இருக்கு, ஸ்டெப்னிய காணோம், அட்வான்ஸ் கிடையாது" என்று உரிமையாளர் சொன்னால், பயந்துபோய் குழுவில் கடன் வாங்கியாவது கட்டிவிடுகிறோம். கட்டத்தான் வேண்டுமா? இந்த மாதம் இதைப் படிப்போம்.

டிரைவரோடு எடுத்த கார் டிரைவர் பொறுப்பில்தான் இருக்கு. அவர் இடித்தால் நாம் கட்ட வேண்டாம். நம்ம ஆட்களே எதையாவது உடைத்தால் அது நம் பொறுப்பு.

நாமே ஓட்ட எடுத்தால், 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் இப்படிச் சொல்லுது:

1. சொந்தப் பொருளைப் பார்ப்பதுபோல் கவனமாகப் பார்க்க வேண்டும் (பிரிவு 151).

2. அப்படிப் பார்த்தும் சேதமானால், காணாமல் போனால் நாம் பொறுப்பில்லை (பிரிவு 152). ஆனால் "எது நடந்தாலும் நானே பொறுப்பு" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் மாட்டிக்கொள்வோம். கவனமாக இருந்ததைக் காட்ட வேண்டியதும் நாம்தான்.

3. வண்டியில் முன்பே இருந்த கோளாறால் நமக்கு நஷ்டம் வந்தால் உரிமையாளரே பொறுப்பு. எனக்குத் தெரியாது என்று அவர் சொல்ல முடியாது (பிரிவு 150).

4. சொன்ன இடத்தை விட்டு வேறு இடம் போனால், கவனமாக ஓட்டியிருந்தாலும் நாமே பொறுப்பு (பிரிவு 154). கல்கத்தாவில் காசிக்கென்று குதிரை எடுத்தவர் கட்டாக் போன கதையை அந்தச் சட்டமே உதாரணமாகச் சொல்லுது. திருச்செந்தூர் என்று எடுத்துவிட்டு கொடைக்கானல் போகாதீர்கள்.

5. சொன்ன நேரத்துக்குத் திருப்பிக் கொடுக்காவிட்டால், அதன்பின் வரும் சேதம் நம் தலையில்தான் (பிரிவு 161).

சாவி வாங்குமுன் செய்ய வேண்டியவை:

• நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோகத்துக்கு உள்ளது. அதை வாடகைக்கு எடுத்து விபத்தானால் இன்சூரன்ஸ் மறுக்கப்படலாம்.

• நாலு பக்கமும் உள்ளேயும் செல்போனில் படம் எடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பாருங்கள்.

• இருக்கிற கீறலை எழுதி உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குங்கள். அட்வான்சுக்கு ரசீது கேளுங்கள்.

• திருப்பிக் கொடுக்கும்போதும் அவர் முன்னாலேயே படம் எடுங்கள்.

அநியாயமாகப் பணத்தைப் பிடித்தால் நுகர்வோர் உதவி எண் 1915-ல் சொல்லலாம். நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு. நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பெண்களுக்கு இலவச சட்ட உதவியும் உண்டு, எண் 15100.

பந்தல் சாமான், அண்டா, உருளி, நாட்டியத்துக்கு எடுக்கும் வடசேரிக் கோயில் நகை, எல்லாத்துக்கும் இதே சட்டம்தான். எண்ணி வாங்குவோம், எண்ணிக் கொடுப்போம்.

கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுவில் யாராவது இப்படிப் பணம் கட்டியிருக்கிறார்களா? கையில் ரசீது இருந்ததா?