டிராக்டரின் ஜல பம்ப்: பராமரிப்பும் மாற்றும் முறையும்

டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் எஞ்சின் ஆயிலை மாற்றுவதிலும் டீசலைச் சுத்தமாய் வைத்திருப்பதிலும் காட்டும் சிரத்தையை, எஞ்சினைக் குளிரச் செய்யும் ஜலத்தின்மீது காட்டுவதில்லை. ரேடியேட்டரில் குறைந்தால் வாய்க்காலில் ஒரு வாளி மொண்டு ஊற்றிவிட்டு உழப் போய்விடுகிறார்கள். எஞ்சினுள் எரியும் டீசலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இந்த ஜலத்தின் மூலமாகவே வெளியேற வேண்டியிருக்கிறது. ஜலம் ஓடாது நின்றால் சில நிமிஷங்களுக்குள் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். பிஸ்டன் இறுகிப்போவதும் உண்டு. அதை ஓடச்செய்வது, எஞ்சினின் முகப்பில் விசிறிக்குப் பின்னால் பொருத்தப்பெற்றுள்ள ஒரு சிறு பம்ப். பட்டறைக்காரர்கள் இதை ‘வாட்டர் பாடி’ என்பார்கள்.

ஆதியில் இப்பம்ப் இன்றியமையாததாய்க் கருதப்படவில்லை. 1908-ல் வெளிவந்த ஃபோர்டு டி மாடல் மோட்டாரில் முதல் 2,500 வண்டிகளுக்குத்தான் பம்ப் இருந்தது. அப்பால் அதை எடுத்துவிட்டார்கள். சூடேறிய ஜலம் இலேசாகி மேலெழும்பும், குளிர்ந்தது கீழிறங்கும் என்ற இயற்கை ஓட்டத்தையே நம்பினார்கள். 1917-ல் உற்பத்தி தொடங்கிய ஃபோர்ட்ஸன் டிராக்டரும் அவ்விதமே. எஞ்சின்களின் சக்தி பெருகப் பெருக அம்மெதுவான ஓட்டம் போதாமற் போயிற்று.

பம்பின் அமைப்பு நமது கிணற்றிலுள்ள மின்சார பம்பின் அமைப்பேயாகும். ஒரு தண்டின் உள்முனையில் இறகுகளுள்ள சக்கரமும், வெளிமுனையில் பெல்ட் ஓடும் கப்பியும் உள்ளன. தண்டைத் தாங்குவது பேரிங். பேரிங்குக்கும் ஜலத்துக்கும் நடுவே, வில்லால் அழுத்தப்பட்டு ஒன்றோடொன்று உரசும் இரண்டு வழவழப்பான முகங்களைக் கொண்ட சீல் ஒன்று உண்டு. இந்த சீலுக்கும் பேரிங்குக்கும் இடையிலுள்ள வெற்றிடத்திலிருந்து, பம்பின் அடிப்புறத்தில் ஒரு சிறு துளை வெளியே திறக்கிறது. இக்கட்டுரை எழுத நேர்ந்ததே அத்துளையை முன்னிட்டுத்தான்.

சில வருஷங்களுக்கு முன், காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா நடவு மும்முரமாய் நடக்கையில், நான் மேற்பார்வையிட்ட வயலொன்றில் சேற்றுழவு செய்துகொண்டிருந்த டிராக்டரில் அத்துளை வழியே ஜலம் சொட்டிற்று. டிரைவர் வேப்பங்குச்சி ஒன்றைச் சீவி அதில் அடித்துவிட்டு, “ஐயா, ஒழுக்கு நின்றுவிட்டது” என்றார். சாமர்த்தியமான வேலை என்றே எனக்கும் பட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை; விவசாயம் படித்த எனக்கு அத்துளையின் பயன் அப்பொழுது தெரியாது. ஐந்தாம் நாள் பேரிங் நொறுங்கித் தண்டு ஆடிற்று. அதில் மாட்டியிருந்த விசிறி முன்னே சாய்ந்து ரேடியேட்டரை வட்டமாய் அறுத்துவிட்டது. பம்ப் ஒன்றின் விலையோடு போகவேண்டியது, ரேடியேட்டர், விசிறி, கூலி என்று பெருகிற்று. அதைவிடப் பெரிய நஷ்டம், வேறு டிராக்டர் வாடகைக்குக் கிடைப்பதற்குள் நாற்றங்காலிலேயே நாற்று முதிர்ந்துவிட்டது. முதிர்ந்த நாற்றில் தூர் கட்டாது என்பதை நான் அவருக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

நடந்தது இதுதான். சீல் தேய்ந்தால் கசியும் ஜலம் பேரிங்கை எட்டாமல் வெளியேறவும், கசிவு நம் கண்ணுக்குத் தெரியவும் வைத்த வழி அத்துளை. அதை அடைத்தால் ஜலம் பேரிங்குக்குள் புகுந்து, கிரீஸைக் கரைத்து, குண்டுகளைத் துருப்பிடிக்கச் செய்யும். ஆகையால் எக்காரணத்தாலும் அதை அடைக்கலாகாது. சேறு அடைத்திருந்தால் மெல்லிய கம்பியால் நீக்கிவிட வேண்டும். துளையைச் சுற்றி உலர்ந்த சிறு கறை மட்டும் தென்பட்டால் பயமில்லை. சொட்டுச் சொட்டாய் விழுந்தால் பம்பை மாற்றும் காலம் வந்துவிட்டது.

எஞ்சின் நின்று ஆறியிருக்கும்போது விசிறியின் எதிரெதிர் இறகுகளைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். ஆட்டம் கண்டால் பேரிங் தேய்ந்திருக்கிறது. ஓடும்போது எழும் வறட்டு உறுமலும் அதன் அடையாளமே.

எனினும் ஜலம் கொதிப்பதற்கெல்லாம் பம்பே காரணம் என்று முடிவு செய்து செலவு செய்யலாகாது. ரேடியேட்டரின் முகத்தில் பதரும் சேறும் அப்பியிருப்பதே நம் பக்கத்தில் அடிக்கடி காணும் காரணம். விசிறி காற்றை முன்னிருந்து எஞ்சின் பக்கம் இழுப்பதால், எஞ்சின் பக்கத்திலிருந்து முன்நோக்கி ஜலம் விட்டுக் கழுவினால்தான் அழுக்கு வெளிப்படும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, தெர்மோஸ்டாட் திறக்கிறதா என்பவற்றையும் பார்க்க வேண்டும். பெல்ட்டின் நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் அரை அங்குலம் அமுங்குவது பொதுவான அளவு. டிராக்டரோடு கொடுத்த புத்தகத்தில் வேறு அளவு கண்டிருந்தால் அதுவே பிரமாணம். வழுக்காதிருக்கட்டும் என்று மிதமிஞ்சி இறுக்குகிறவர்கள் பேரிங்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார்கள்.

சூடேறிய எஞ்சினின் மூடியைத் திறப்பதும், அதில் பச்சைத் தண்ணீரை ஊற்றுவதும் ஆபத்து; முன்னது முகத்தைச் சுடும், பின்னது வார்ப்பிரும்பைப் பிளக்கும். பெல்ட் அறுந்தோ ஜலம் முழுதும் ஒழுகியோ போயிருந்தால் எஞ்சினை உடனே நிறுத்திவிட வேண்டும்.

ரேடியேட்டரில் ஊற்றும் ஜலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உப்புக் கலந்த கிணற்று ஜலம் சமையற் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாய்ப் படிவதைப் பெண்கள் அறிவார்கள். அதே சுண்ணாம்புப் படிவு எஞ்சினுள்ளும் ஏறி உஷ்ணத்தைத் தடுக்கிறது. அதன் பொடி சீலை அராவுகிறது. வடித்த ஜலமும் கூலண்ட்டும் சரிபாதியாய்க் கலந்து ஊற்றுவது நலம். இங்கே பனிக்கட்டி உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்பாருண்டு. அது துருவைத் தடுப்பதோடு கொதிநிலையையும் உயர்த்துகிறது. துருவைத் தடுக்கும் சத்து நாளடைவில் தீர்ந்துபோவதால், புத்தகத்திற் கண்ட கெடுவில் மாற்றிவிட வேண்டும்.

இனி, மாற்றும் முறை. எஞ்சின் நன்றாய் ஆறியபின், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பாட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்ற வேண்டும். கூலண்ட்டை அகன்ற தொட்டியில் பிடிக்க வேண்டும், தரையில் விடலாகாது. சாதாரணக் கூலண்ட்டிலுள்ள எதிலீன் கிளைக்கால் இனிப்புள்ள விஷம். கன்றுகாலிகளும் நாய்களும் நக்கினால் மாண்டுபோகும்.

பிறகு ஹோஸ் குழாய், பெல்ட், விசிறி ஆகியவற்றை முறையே கழற்ற வேண்டும். பம்பைப் பிடிக்கும் போல்ட்டுகள் பெரும்பாலும் ஒரே நீளமுள்ளவையல்ல. ஓர் அட்டையில் பம்பின் உருவத்தை வரைந்து, ஒவ்வொரு போல்ட்டையும் அதனதன் இடத்தில் குத்தி வைப்பது நல்ல வழக்கம். குட்டைப் போல்ட்டின் துளையில் நெட்டைப் போல்ட்டை முறுக்கி எஞ்சின் வார்ப்பை உடைத்தவர்கள் உண்டு.

எஞ்சின்மீது ஒட்டியிருக்கும் பழைய பேக்கிங்கை, துவாரத்தில் துணியை அடைத்துக்கொண்டு, கீறல் விழாமல் சுரண்டி எடுக்க வேண்டும். துணியை எடுக்க மறவாதீர்கள்! புதுப் பம்பைப் பழையதன் பக்கத்தில் வைத்து, இறகுச் சக்கரத்தின் அகலமும் கப்பி நிற்கும் உயரமும் ஒத்திருக்கின்றனவா என்று அளந்து பார்க்க வேண்டும். பேரிங்கையும் சீலையும் மட்டும் மாற்றினால் செலவு குறையும் என்பது மெய்யே. ஆயினும் அழுத்து யந்திரம் உள்ள பட்டறையில் மட்டுமே அதைச் செய்விக்கலாம். சுத்தியலால் அடித்து ஏற்றிய பேரிங் ஒரு பருவம் தாங்கினால் அதிசயம்.

புதுப் பேக்கிங் வைத்துப் பம்பைப் பொருத்தி, போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாய்ச் சிறிது சிறிதாய் இறுக்க வேண்டும். எஞ்சினின் ஜல அறைவரை ஊடுருவும் போல்ட்டுகளின் மரையில் சீல் பசை தடவாவிட்டால் அவ்வழியே கசியும். எல்லாவற்றையும் பூட்டியபின் கூலண்ட்டை மெதுவாய் ஊற்றி, மூடியைப் போடாமலே எஞ்சினை ஓடவிட வேண்டும். மேல் ஹோஸ் சூடேறினால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டதென்று அறியலாம். அடைபட்டிருந்த காற்று குமிழியாய் வெளியேறி மட்டம் இறங்கும். அதை நிரப்பி மூட வேண்டும். முதல் நாள் வேலை முடிந்து ஆறியபின் மட்டத்தையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மோட்டார் கார் வைத்திருப்போருக்கும் இவை பெரும்பாலும் பொருந்தும். ஆனால் சில கார்களில் பம்பைச் சுற்றுவது எஞ்சினுள் மறைந்திருக்கும் டைமிங் பெல்ட். அவற்றைப் பட்டறைக்கே விடுவது உசிதம்.

கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தமான டிராக்டராயின், பம்ப் மாற்றிய தேதியையும் மணி மீட்டரின் எண்ணையும் சங்கத்தின் பதிவேட்டில் எழுதி வைக்க வேண்டும். டிரைவர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள், அடுத்து வருபவருக்கு அந்த ஒரு வரியே ஆதாரம்.